வாசனை ஊற்றினால் வாடை போகாது

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவை அத்தையும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். வாஷிங் மெஷின் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பில் கருப்புக் கருப்பாகப் படிந்திருப்பது பூஞ்சைதான். 'எந்தக் கண்டிஷனர் ஊற்றினால் துணியில் வரும் இந்த வாடை போகும் மாமா?' என்று கேட்டிருக்கிறாய். எதை ஊற்றினாலும் போகாது. அந்தப் பாட்டிலை மூடி ஓரமாக வைத்துவிட்டு இதை நிதானமாகப் படி. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. மூன்று பேரும் ஒரே மெஷினில்தானே போடுகிறீர்கள்?

சுத்தமான துணிக்கு வாசனையே கிடையாது. மூக்கருகில் வைத்து இழுத்தாலும் ஒன்றும் தெரியக் கூடாது. மல்லிகை, லாவெண்டர் என்று துணி மணந்தால்தான் சுத்தம் என்று விளம்பரம் நம்மைப் பழக்கிவிட்டது. வாடை வந்தால், எடுக்கவேண்டிய எதுவோ உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தம். அது எங்கே தங்கியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்.

பேரிங் மாற்ற மெஷினைப் பிரிக்கும்போது என்னைப் போன்ற மெக்கானிக்குகள் டிரம்மை வெளியே இழுப்போம். நீ கதவைத் திறந்து பார்க்கிற, ஓட்டை ஓட்டையாக இருக்கிற டிரம் எவர்சில்வர், பளபளவென்று இருக்கும். அதைச் சுற்றி இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. தண்ணீர் நிற்பது அதில்தான். அந்தத் தொட்டியின் உள்சுவரிலும், டிரம்மின் முதுகைப் பிடித்திருக்கும் மூன்று கால் அலுமினியத் தாங்கியிலும், ஆறிப்போன கம்பங்கூழ் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு அப்பியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் தோல் தோலாக உரியும். அலசலில் போகாத சோப்பு, கண்டிஷனரின் கொழுப்பு, நம் உடம்பு எண்ணெய், துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு எல்லாம் சேர்ந்த படலம் அது. கிருமிகள் அதற்குள் குடியிருக்கும். வீட்டுக்காரர்களை அழைத்துக் காட்டினால் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் துணி ஒவ்வொரு தடவையும் அந்தப் பிசுக்கைத் தொட்டு வருகிற தண்ணீரில்தான் அலசப்படுகிறது.

துவைத்த துணியில் வரும் அந்த ஈரவாடையை ஜப்பானில் ஆராய்ந்திருக்கிறார்கள். மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாதான் அதற்கு முக்கியக் காரணம் என்று 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். தோலிலிருந்து துணியில் ஒட்டும் எண்ணெயும் வேர்வையும் அதற்குத் தீனி. அது உண்டாக்கும் ஓர் அமிலம்தான் நம் மூக்கில் ஏறுகிறது. துணி காய்ந்தாலும் இந்தக் கிருமி எளிதில் சாவதில்லை. அலமாரியிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருந்த குர்தா, பஸ்ஸில் நின்று கொஞ்சம் வேர்த்ததும் நாறுகிறது என்று சொன்னாயே, அதற்குக் காரணம் இதுதான். ஈரம் பட்டதும் அது மறுபடி வேலையைத் தொடங்கிவிடுகிறது.

கண்டிஷனரை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? அது துணியைக் கழுவுவதில்லை, நூலின் மேல் வழவழப்பாக ஒரு பூச்சு பூசுகிறது. அதனால்தான் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. அதே பூச்சினால் துண்டு தண்ணீரை இழுக்காமல் போகிறது, வேர்வை எண்ணெயும் அடியில் அப்படியே தங்குகிறது. மிச்சமெல்லாம் அந்தத் தொட்டிக்குப் போகிறது. துண்டுக்கும் உடற்பயிற்சித் துணிக்கும் கண்டிப்பாக வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் நீ யோசித்திருக்கவே மாட்டாய். நம் ஊர் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். மென்மையான தண்ணீர், கொஞ்சம் சோப்பு போட்டாலே நுரைத்துக்கொண்டு வரும், இரண்டு அலசலில் போய்விடும். நீ இருக்கிற சோழிங்கநல்லூரில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வருகிறது என்றாய். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, வாளியின் ஓரத்தில் கோடு விழுகிறது என்றாய். அது கால்சியமும் மெக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. உங்கள் அடுக்ககச் சங்கத்தில் தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் இருக்கும், ஒரு தடவை வாங்கிப் பார்.

உப்புத் தண்ணீரில் சோப்பின் பலம் கொஞ்சம் குறையும், உண்மைதான். அதற்காக மூடி மூடியாக ஊற்றக் கூடாது. நுரை அதிகமானால் துணி துணியோடு உரசாமல் வழுக்கிக்கொண்டே சுற்றும், அலசலும் சரியாக நடக்காது. ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கென்று விற்கிற நுரை குறைந்த பவுடரையே வாங்கு. கையால் துவைக்கிற பவுடரைப் போடாதே. பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு போதும்; டிரம் பாதிதான் நிறைந்தால் அளவையும் குறை. கூடுதல் அலசலுக்கு ஒரு பட்டன் இருக்கும், சென்னையில் இருக்கிற வரையில் அதை அழுத்தியே துவை. சோப்பு தங்குகிறதா என்று சந்தேகமாக இருந்தால், துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை ஒரு வாளி வெந்நீரில் போட்டுக் கையால் நன்றாக அலசிப் பார். தண்ணீர் கலங்கி நுரைத்தால் நீ போடுகிற அளவு அதிகம்.

இனி சூடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது நொய்யல் கரையில் வெள்ளாவி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறவைத்த துணிகளை முறுக்கி, பெரிய பானையின் மேல் வட்ட வட்டமாக அடுக்கி, அடியில் தீ மூட்டி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, வெயிலில் விரிப்பார்கள். நாலு ஊர் அழுக்கும் அங்கேதான் வரும். ஆனாலும் அந்த வேட்டியில் வாடை இருக்காது. காரம், சூடு, ஓடுகிற நீர், வெயில். துவைக்கும் கலை முழுதும் அந்தக் கரையில் இருந்தது. அதைச் செய்த மனிதர்களுக்கு நம் ஊர் தரவேண்டிய மரியாதையைத் தரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம். நம் கையில் இப்போது மெஷின் இருக்கிறது. சூட்டை மட்டும் கைவிட்டுவிட்டோம். நீங்கள் மூவரும் பதினைந்து நிமிட குயிக் வாஷில், பச்சைத் தண்ணீரில், எல்லாவற்றையும் போட்டு எடுக்கிறீர்கள். சூடில்லாத தண்ணீரில் கிருமிக்கு ஒன்றும் ஆகாது, எண்ணெயும் இளகாது.

வாரம் ஒரு தடவை துண்டு, படுக்கை விரிப்பு, பருத்தி உள்ளாடை இவற்றைத் தனியாகப் பிரித்து 60 டிகிரியில் போடு. அந்தச் சூட்டைப் பெரும்பாலான கிருமிகள் தாங்காது, டிரம்மும் சேர்ந்து சுத்தமாகும். பட்டும் கம்பளியும் சாயம் போகிற துணியும் அதில் வேண்டாம். வெந்நீரில் துவைக்க முடியாத சாயத் துணி நாறினால், ஆக்ஸிஜன் பிளீச் என்று பவுடராக விற்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைக்கலாம். முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மெஷினின் முன்பக்கம், கீழே மூலையில், ஒரு சின்னக் கதவு இருக்கும். மெயின் சுவிட்சை அணை, தண்ணீர்க் குழாயை மூடு. உள்ளே சூடான தண்ணீர் இருந்தால் ஆறும்வரை பொறு. கீழே பழைய துணி விரித்து, ஒரு தட்டை வை. அங்கிருக்கும் சின்னக் குழாயின் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஃபில்டரின் திருகு மூடியை மெல்லத் திருகி வெளியே இழு. தலைமுடி, சில்லறை, ஹேர்பின், யாரோ தொலைத்த பட்டன் எல்லாம் கருப்புச் சேற்றோடு வரும். அந்த நாற்றத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, உன் குர்தாவில் வருவதும் அதேதான். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இறுக்கமாக மாட்டு. சோப்புப் போடும் பெட்டியையும் முழுதாக வெளியே உருவி, அது போகிற பொந்தின் மேற்கூரை வரை தேய். ரப்பர் மடிப்பை விரலால் விலக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடை.

இதெல்லாம் முடிந்தபின், துணி எதுவும் போடாமல் காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டு. ஹீட்டரில் படிந்த உப்பு கரையும். வேறொரு நாள் டிரம் கிளீன் என்ற பட்டனில் வைத்து ஒரு தடவை ஓட்டிவிடு. ஒன்றை மட்டும் மனதில் நன்றாக வாங்கிக்கொள் கண்ணு. சிட்ரிக் ஆசிட், வினிகர், கழிவறை கழுவும் ஆசிட் இவற்றில் எதையும் குளோரின் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நீங்கள் மெஷின் வைத்திருக்கிற ஜன்னல் இல்லாத அந்தக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

துவைத்து முடிந்ததும் துணியை உடனே வெளியே எடு. ரப்பர் மடிப்பில் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, கதவையும் சோப்புப் பெட்டியையும் திறந்தே வை. பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து விளையாடுகிற நாளில் மட்டும் கதவின் மேல் கண் இருக்கட்டும். அழுக்குத் துணியைச் சேர்த்துவைக்கும் கூடையாக டிரம்மைப் பயன்படுத்தாதே. உடற்பயிற்சிக்குப் போட்ட டி-ஷர்ட்டை வந்ததும் உட்புறம் வெளியே திருப்பி, கொடியில் காற்றாடப் போடு. அது பாலியெஸ்டர். பெல்ஜியத்தில் 2014இல் வந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்தியைவிடப் பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியது என்று கண்டார்கள். முடிந்தால் பருத்திக்கு மாறு.

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் துணி காய்வது பெரும்பாடு. கொடியில் நெருக்கிப் போடாதே. இரண்டு துணிக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அறைக்குள் போட்டால் ஃபேனை ஓடவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. ஜீன்ஸின் இடுப்புப் பட்டியையும் காலரையும் விரலால் அழுத்திப் பார்க்காமல் மடிக்காதே. ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். உங்கம்மா கொடுத்தனுப்பிய பருத்திச் சேலைகளுக்குக் கஞ்சி போட வேண்டுமானால் வாளியில் போடு, மெஷினில் வேண்டாம். மழைக்காலத்தில் கஞ்சியோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அலசிக் காயவைத்து எடுத்துவை.

இத்தனையும் செய்தபிறகு இன்னும் நாறினால், என்ன வாடை என்று கவனி. சாக்கடை வாடையாக இருந்தால் குற்றம் மெஷினில் இல்லை. தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழிவுநீர்க் குழாய்க்குள் ஆழமாகச் சொருகியிருப்பார்கள், பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய். பழைய ஈரவாடையே வந்தால் தொட்டியில் படலம் தடித்துவிட்டது. பிரித்துத்தான் கழுவ வேண்டும். வீட்டு உரிமையாளரின் மெஷின் என்பதால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. வருகிற மெக்கானிக்கிடம், 'தொட்டியைப் பிரித்துக் கழுவுவீங்களா, பவுடர் போட்டு ஓட்டிட்டுப் போவீங்களா?' என்று கேள். பிரித்துக் கழுவுகிறவருக்கு மட்டும் பணம் கொடு. பிரித்த பிறகு அந்த மூன்று கால் தாங்கியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அரித்திருக்கிறதா, இன்னும் எத்தனை காலம் வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா