செய்தியில் வராத பல்கலைக்கழகம்

கேள்வி: மகளுக்காக இரண்டு பல்கலைக்கழகங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் தகவல் திருட்டு நடந்ததாகச் செய்தி வந்தது, மற்றதில் எதுவுமில்லை. அதுதான் பாதுகாப்பானதா?
– வாசகி, காயல்பட்டினம்

பதில்: அவசரப்படாதீர்கள். கண்காணிக்காத இடத்தில் திருட்டு பதிவாகவே ஆகாது. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018இல் இணையத் திருடர்கள் ஊடுருவினார்கள். 19 ஆண்டுத் தகவல்கள் இருந்த அமைப்பு அது. எப்படி நுழைந்தார்கள் என்பதை 2019இல் பல்கலைக்கழகமே விரிவான அறிக்கையாக வெளியிட்டது. அந்தத் துணிச்சல் அபூர்வம்! இங்கே இந்தியாவில் 2022ஆம் ஆண்டு உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதை அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கெங்கே நடந்தது என்ற பெயர்வாரிப் பட்டியல் நம் கைக்கு வராது. எனவே சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்: ஆதார் நகலை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், திருடுபோனால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? மழுப்பினால், அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போன் போடுங்கள்.