எதிர்ப்பொருள் யாருக்கு எதிரி?

மாணவர்களே, எதிர்ப்பொருளை உடலின் காவலன் என்று படித்திருப்பீர்கள். கிருமி நுழைகிறது, வெள்ளை இரத்த அணுக்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன, கிருமி அழிகிறது. தேர்வுக்கு இது போதும். ஆனால் வெண்புள்ளி, ஹெபடைடிஸ் பி ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

முதலில் வெண்புள்ளி. நம் தோலின் நிறத்திற்குக் காரணமான மெலனினைத் தயாரிப்பவை மெலனோசைட் எனும் உயிரணுக்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு, நோய் எதிர்ப்பு மண்டலமே இவற்றை அந்நியராக எண்ணி அழித்துவிடுகிறது. உலக மக்களில் சுமார் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது உண்டு. இதனை இன்னமும் சிலர் ‘வெண்குஷ்டம்’ என்கிறார்கள்; கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. குஷ்டம் என்பது பாக்டீரியாவால் வரும் தொழுநோய். வெண்புள்ளி யாருக்கும் தொற்றாது. வகுப்பில் அப்படி ஒரு நண்பர் இருந்தால் தாராளமாகப் பக்கத்தில் உட்காருங்கள்.

சொந்த உடலையே குறிவைக்கும் எதிர்ப்பொருளுக்குத் தன்னெதிர்ப்பொருள் என்று பெயர். வெண்புள்ளி உள்ள சிலரின் இரத்தத்தில் மெலனோசைட்டுக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள் இருக்கிறது. ஆயினும் மெலனோசைட்டைக் கொல்வதில் முக்கியப் பங்கு டி உயிரணுக்களுக்கே. தைராய்டு சுரப்பிக்கு எதிரான தன்னெதிர்ப்பொருளும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. தோலுக்காகப் போனவரிடம் மருத்துவர் தைராய்டு சோதனையும் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஹெபடைடிஸ் பி வேறு வகை. இது கல்லீரலைத் தாக்கும் வைரஸ். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கை குலுக்குவதாலோ பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் பரவும். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது நாட்பட்ட நோயாகிவிடுகிறது. இதிலும் ஒரு வியப்பு உண்டு. கல்லீரல் உயிரணுக்களைப் பெரும்பாலும் அழிப்பது வைரஸ் அன்று. வைரஸ் புகுந்த உயிரணுக்களை ஒழிக்கப் பாயும் நமது எதிர்ப்பு மண்டலம்தான்.

இந்த வைரஸ் பிடிபட்டதே ஓர் எதிர்ப்பொருளால். 1960-களில் அமெரிக்காவில் பாரூக் புளும்பெர்க் குழுவினர், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளி ஒருவரின் எதிர்ப்பொருள், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் இரத்தத்திலிருந்த புரதத்துடன் வினைபுரிவதைக் கண்டார்கள். அது வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்பது பிறகே தெரிந்தது. 1976-இல் புளும்பெர்க்கிற்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள சிலரிடமும் தன்னெதிர்ப்பொருள் தென்படுகிறது, பெரும்பாலும் குறைந்த அளவில். அப்படியானால் வைரஸ்தான் எதிர்ப்பு மண்டலத்தைக் குழப்பி வெண்புள்ளியையும் கொண்டுவருகிறதா? நியாயமான கேள்விதான். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஓர் ஊரில் 100 பேரில் 5 பேருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே வெண்புள்ளி உள்ள 200 பேரைச் சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாமலேயே சுமார் 10 பேருக்கு வைரஸ் இருக்கும்! அதே ஊரில், அதே வயதில், வெண்புள்ளி இல்லாத 200 பேரையும் சோதித்து ஒப்பிடாத வரை அந்த 10 என்ற எண்ணுக்குப் பொருள் கிடையாது. அப்படி வேறுபாடு தெரிந்தாலும், எது காரணம், எது விளைவு என்பதை அடுத்துத் தேட வேண்டும்.

மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே உங்களில் பலரின் உடல் மேற்பரப்புப் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளைத் தயாரித்திருக்கும். சோதனை அறிக்கையில் அதைக் கண்டால் பயப்பட வேண்டியதில்லை. அது பாதுகாப்பின் அடையாளம். மேற்பரப்புப் புரதமே இரத்தத்தில் இருந்தால்தான் வைரஸ் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. தடுப்பூசியில் இருப்பது மேற்பரப்புப் புரதம் மட்டுமே. வைரஸின் உட்பகுதிப் புரதம் அதில் இல்லை. ஒருவரின் இரத்தத்தில் மேற்பரப்புப் புரதம் இல்லை, ஆனால் இந்த இரண்டு புரதங்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அவருக்கு முன்பு என்ன நடந்திருக்கும்?