கடனும் காலச் சுழற்சியும்

பௌதிகம் பயிலும் எனக்குக் கடனில் வியப்பளிப்பது அதன் காலத்தாழ்வே. தொழில் செழிக்கையில் வருவாய் பெருகும். ஈடாக வைக்கும் நிலத்தின் விலையும் ஏறும். வங்கிகள் தாராளமாகக் கடன் தரும். செழிப்பு குன்றினால் வருவாய் சுருங்கும், கடனோ சுருங்காது.

நம் நாட்டையே பாருங்கள். 2008-க்கு முந்திய செழிப்பில் மின்சாரம், எஃகு, சாலை நிறுவனங்கள் பெருங்கடன் வாங்கின. பின்னர்ப் பல திட்டங்கள் தடைப்பட்டன. வட்டி மட்டும் வளர்ந்தது. 2018 மார்ச்சில் வங்கிக் கடனில் நூற்றுக்குச் சுமார் 11 பங்கு வாராக்கடனாயிற்று.

அடிபட்ட வங்கிகள் குடும்பங்களின் பக்கம் திரும்பின. ஈடில்லாத் தனிநபர் கடன் விரைந்து வளரவே, 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அக்கடனுக்கு வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தை உயர்த்தியது.

நண்பர்களே, நாளை நமக்கும் சம்பளம் வரும். கடனும் தேடி வரும். சம்பளம் நின்றாலும் தவணை நிற்காது என்பதை அன்றே கணக்கிடுவோம்.