இலையின் வடிவம் மட்டும் போதாது

அன்புள்ள கயல்விழி,

உன் இறுதியாண்டுத் திட்டவரைவைப் படித்தேன். தாமரை இலையைப் போல நீர் ஒட்டாத பூச்சு, ஃப்ளூரோசிலேன் கரைசலில் கண்ணாடியைத் தோய்த்து உலர்த்தும் முறை, தொடுகோணம் 150 பாகைக்கு மேல். செய்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னுரையில், இயற்கையைப் பின்பற்றிச் செய்வதால் இது சூழலுக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான். ஒன்றிலிருந்து மற்றது எப்படி வந்தது? உன்னைவிடப் பெரியவர்களும் இதே வரியை எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பான் பல்கலைக்கழகத்தின் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் வெளியிட்ட கட்டுரையை நீ மேற்கோள் காட்டியிருக்கிறாய். இலையின் மேல் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகுக் குழல்கள். அந்த மெழுகில் இருப்பவை கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். இலை உதிர்ந்து குளத்துச் சேற்றில் விழுந்தால் மட்கிப்போகும். உயிருள்ள இலையில் மெழுகு தேய்ந்தால் மீண்டும் சுரக்கும். நீ எடுத்துக்கொண்டது மேடுகளை மட்டும். மெழுகு இருந்த இடத்தில் கரி–ஃப்ளூரின் சங்கிலியை வைத்துவிட்டாய். கரிம வேதியியலில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளுள் ஒன்று அது. அந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும், மட்காத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. உன் சங்கிலி அவற்றைவிடக் குட்டையாக இருக்கலாம். அதற்காக அது மட்கிவிடாது. உன் பூச்சு தேய்ந்தால் மறுபடி சுரப்பதும் இல்லை.

அதே 1997இல்தான் ஜனின் பென்யஸின் 'பயோமிமிக்ரி' நூலும் வந்தது. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் நூல்களுள் அது ஒன்று. இயற்கையை மாதிரியாக, அளவுகோலாக, ஆசானாகக் கொள்ளலாம் என்கிறார் அவர். எல்லோரும் மாதிரியோடு நின்றுவிடுகிறார்கள். அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள் மிகக் குறைவு. என் கருத்தில், வேதிப் பொறியாளரின் வேலையே அங்கேதான் தொடங்குகிறது. ஓர் உயிர் எதைச் செய்கிறது என்பதைவிட, எந்த வெப்பநிலையில், எந்தக் கரைப்பானில், என்ன மூலப்பொருளிலிருந்து செய்கிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மஸ்ஸல் சிப்பியைப் பார். அலை அறையும் பாறையில், உப்புநீருக்குள், சில நிமிடங்களில் ஒட்டிக்கொள்கிறது. நம் தொழிற்சாலைப் பசைகளுக்கு ஈரம்தான் முதல் எதிரி. 1981இல் வெயிட்டும் டான்சரும் அந்தப் பசைப் புரதத்தில் டோப்பா என்னும் அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு டோப்பாவைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். என்னை அதிகம் கவர்வது செய்முறை. சிப்பி தன் பாதத்தைப் பாறையில் அழுத்தி, அடியில் ஒரு சிறு குழிவை உண்டாக்குகிறது. அங்கே அமிலத்தன்மை இருப்பதால் டோப்பா ஆக்சிஜனேற்றம் அடையாமல் பாறையைப் பற்றுகிறது. பாதம் விலகியதும் பி.எச். 8 அளவுள்ள கடல்நீர் உள்ளே புகுகிறது, பசை இறுகுகிறது. இது ஒரு தொகுதி உலைதான், கயல். சூடேற்றல் இல்லை, கரிமக் கரைப்பான் இல்லை. பி.எச். மாற்றம் ஒன்றே கட்டுப்பாடு. 2007இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெஸ்ஸர்ஸ்மித் குழு, பி.எச். 8.5 உள்ள நீர்க்கரைசலில் டோப்பாவை ஒத்த டோபமினைக் கரைத்து, டெஃப்லான் உட்பட எதன் மேலும் மெல்லிய படலம் படியச் செய்தது. அழகான வேலை. ஆனால் ப்ளைவுட் ஆலைக்கு டன் கணக்கில் டோபமின் வாங்க முடியாது.

ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைசாங் லீயை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். அவரும் கடற்கரையில் இதே சிப்பிகளைப் பார்த்துத்தான் தொடங்கினார். ஆனால் சிப்பிப் புரதத்தை விடாப்பிடியாகத் தேடாமல், மலிவாக, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் புரதம் எது என்று தேடினார். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவு! சோயாப் பசை புதிதல்ல. 1920, 30களில் அமெரிக்க மேற்குக் கரை ப்ளைவுட் ஆலைகள் அதைத்தான் பயன்படுத்தின. ஈரம் பட்டால் விட்டுவிடும் என்பதால், பின்னால் ஃபார்மால்டிஹைட் பிசின்கள் அதைத் துரத்திவிட்டன. காகித ஆலைகள் ஈரத்தில் தாள் கிழியாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பிசினைச் சோயாவோடு கலந்து, லீ அந்த ஈரக் குறையைப் போக்கினார். கொலம்பியா ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தன் ஆலைகளில் அதை ஏற்றது. 2006இல் மட்டும் 4.7 கோடி பவுண்டுக்கு மேல் ஃபார்மால்டிஹைட் பசைக்கு மாற்றாக அது பயன்பட்டது. ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்தது 2004இல். 2007இல் பசுமை வேதியியலுக்கான அமெரிக்க அதிபர் விருது லீக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது.

அந்தக் காகிதப் பிசின் எபிகுளோரோஹைட்ரினிலிருந்து வருகிறதே, அதுவும் நச்சுதானே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, கேட்கத்தான் வேண்டும். லீயின் பசை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. எது நீங்கியது, எது புதிதாக வந்தது, எவ்வளவு என்று நிறை கணக்குப் போட்டு ஒப்பிட அதில் இடம் இருக்கிறது. உன் முன்னுரையில் அந்த இடமே இல்லை. 'உகந்தது' என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டாய்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடு. ஒரு சதுர மீட்டர் பூச்சுக்கு எவ்வளவு ஃப்ளூரோசிலேன், எவ்வளவு கரைப்பான், உலர்த்த எவ்வளவு வெப்பம், தேய்ந்து கழுவப்பட்டது எங்கே போகிறது என்று ஒரு பக்கம் எழுது. ஃப்ளூரின் இல்லாமல், கார்னௌபா மெழுகு போன்ற தாவர மெழுகிலோ கொழுப்பு அமிலத்திலோ அதே மேடுகளை ஒரு முறை செய்து பார். தொடுகோணம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. இரண்டு கணக்கையும் அடுத்த வாரத்துக்குள் எனக்கு அனுப்பு. அதன் பிறகு திட்டத்தில் கையெழுத்திடுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்