எல்லாக் குளிரும் ஒன்றா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பிடித்த மீன் கெடாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது, காரைக்கால்மேட்டில் பிறந்த எனக்கு எழுத்தறியும் முன்பே தெரிந்த பாடம். என் தந்தையார் விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். தாயார் மீன் விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்த மிதப்பில் ஒரு நாள் தந்தையாரிடம் நான் சொன்ன யோசனையே இக்கட்டுரைக்கு வித்து.

உலர் பனிக்கட்டி என்பது திண்மமாக உறைந்த கரியமில வாயுவாகும். திலோரியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1835-இல் இதைக் கண்டு எழுதினார். அழுத்தத்தால் திரவமாக்கிய கரியமில வாயுவைத் திடீரென வெளியே விட்டால், ஒரு பகுதி ஆவியாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தை இழந்த மறுபகுதி வெண்பனியாக உறையும். அதை அழுத்திக் கட்டிகளாக்குகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தில் இக்கட்டி உருகுவதில்லை, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் நேரே வாயுவாகிவிடுகிறது. திறந்து வைத்த கற்பூரம் நாளடைவில் காணாமற் போகிறதல்லவா? அதே பதங்கமாதல்தான் இதுவும்.

ஒரு கிலோ சாதாரண ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கிலோ கலோரி வெப்பத்தை ஏற்கிறது. ஒரு கிலோ உலர் பனிக்கட்டியோ வாயுவாகும்போது ஏறத்தாழ 136 கிலோ கலோரியை ஏற்கிறது. அதாவது, ஐஸின் எடையில் பாதிக்குச் சற்று மேல் இருந்தாலே போதும், தண்ணீரும் தேங்காது.

இக்கணக்கைச் சொல்லி, "அப்பா, இனிமே ஐஸுக்குப் பதிலா இதையே படகுல போடலாமே" என்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி ஓடலேன்னா மீனை யாருடா கழுவுறது?"

என்னிடம் விடையில்லை. மறுநாள் நூலகத்தில் தேடினேன். உருகும் ஐஸ் எப்போதும் 0 டிகிரியிலேயே நிற்கும். மீனின் சதையோ அதற்கும் ஓரிரு டிகிரி கீழேதான் உறையத் தொடங்கும். ஆகவே மீன் குளிரும், ஆனால் உறையாது. உருகிய நீர் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து வெப்பத்தை வாங்கி, கோழையையும் இரத்தத்தையும் கழுவிச் செல்லும். மீன் உலராமலும் காக்கும். உலர் பனிக்கட்டி நேரே பட்டாலோ மேற்சதை உறைந்துவிடும்.

இன்னொன்றும் அறிந்தேன், திடுக்கிட்டேன். ஒரு கிலோ உலர் பனிக்கட்டி சுமார் 540 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அவ்வாயு, மூடிய கிடங்கின் அடியில் தேங்கும். இறங்குபவர் மயங்கி உயிரிழக்கவும் கூடும். எங்கள் படகின் கிடங்கில் இறங்குபவர் என் தந்தையார்!

அப்படியானால் உலர் பனிக்கட்டியால் பயனே இல்லையா? உண்டு. கடுங்குளிர் தேவைப்படும் பொருள்களுக்கு அதுவே துணை. 2020-இல் வந்த ஃபைசர் கொரோனா தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டியிருந்ததால், உலர் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளிலேயே நாடு விட்டு நாடு அனுப்பினார்கள். ஆனால் நம் குழந்தைகளுக்குப் போடும் பெண்டாவேலன்ட் தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்தால் அது வீணாகிவிடும். அதனால்தான் சுகாதார நிலையங்களில், உறைந்த ஐஸ் பைகளை உள்ளே நீர் அசையும் வரை வெளியே வைத்திருந்து, பிறகே பெட்டியில் அடுக்குகிறார்கள்.

உலர் பனிக்கட்டியைக் கையாளும் நண்பர்கள் மூன்றை மறவாதீர்கள்: வெறுங்கையால் தொடக்கூடாது, காற்றுப் புகாத கலத்தில் அடைத்தால் வெடிக்கும், காற்றோட்டமில்லாத அறையிலோ வண்டியிலோ வைக்கக்கூடாது.

எவ்வளவு குளிர் என்பதைவிட, எதற்கு எந்தக் குளிர் என்பதே கேள்வி. உள்ளுறை வெப்பத்தின் கணக்கை எனக்குக் கல்லூரி கற்பித்தது. அதை எங்கே போடுவது என்பதை, பள்ளிக்கூடம் போகாத என் தந்தையார் கற்பித்தார். இருவருக்கும் நான் மாணவன்.