கழுத்துக் காயமும் ஒளுவும்: தைராய்டு அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை



தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்து வீடு திரும்பும் சகோதரிகள் நம்மிடம் கேட்பது இரண்டு: "காயம் சீழ் பிடிக்குமா? ஒளு எப்படிச் செய்வது?"

ஒரு காலத்தில் இந்த அறுவை உயிரையே பறித்தது. சுவிட்சர்லாந்தின் மருத்துவர் தியோடர் கோச்சர் சுத்தத்தையும் நிதானத்தையும் கடைப்பிடித்து, இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909இல் நோபல் பரிசு பெற்றார். இன்று இந்தக் காயத்தில் சீழ் பிடிப்பது அபூர்வம். மீதிப் பொறுப்பு நம் வீட்டில்தான்.

அறுவைக்கு முன்: சோப்புப் போட்டுக் குளியுங்கள். வீட்டில் பிளேடால் முடி மழிக்காதீர்கள்; சிறு கீறலிலும் கிருமி தங்கும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். புகைப்பவர்கள் நிறுத்துங்கள்.

வீட்டில்: கட்டைத் தொடுமுன் சோப்பால் கை கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். தினமும் துவைத்த, தளர்வான முக்காட்டை அணியுங்கள். இறுக்கமான துணியில் வியர்வை தேங்கும். மருத்துவர் எழுதாத ஆன்டிபயாடிக்கைக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஒளு, குளிப்பு: ஒளுவில் கழுத்தைக் கழுவுவது ஃபர்ளு அல்ல. சூரா அல்மாயிதாவின் 6ஆம் வசனம் சொல்வது முகம், கைகள், தலை, கால்கள். முகம் கழுவும்போது நீர் வழிந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கடமையான குளிப்பில் காயத்தை நனைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் கட்டின் மேல் மஸஹ் செய்யலாமா, தயம்மும் செய்யலாமா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளிக்கச் சொல்லி, அவர் இறந்துபோனபோது, கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் வருகிறது. வெட்கப்பட்டு வலியை மறைப்பது இபாதத் ஆகாது.

தாமதிக்காதீர்கள்: காய்ச்சல், சிவப்பு கூடுதல், சீழ், துர்நாற்றம், நாளுக்கு நாள் அதிகமாகும் வலி இருந்தால் அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உதடும் விரல்களும் மரத்தால் கால்சியம் குறைந்திருக்கலாம். அதையும் உடனே காட்டுங்கள். கழுத்து திடீரென வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வர நேரமாகும் என்பதால், மலைக் குடும்பங்கள் முதல் சில நாட்கள் கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.