எலிப்பொறிக் கட்டும் கொத்தனாரின் கைத்திறனும்

பஞ்சாயத்துக் கட்டடத்திற்குச் செங்கல் வாங்குங்கால் விலையை மட்டுமே பார்க்கிறோம். அது விளைநிலத்தின் மேல்மண் என்பதை எண்ணுவதில்லை.

செங்கற் செலவைக் குறைக்கும் முறைகளுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் இதனைப் பரப்பியவர் லாரி பேக்கர் (1917–2007). செங்கல்லைப் படுக்க வைக்காது, விளிம்பின்மேல் நிறுத்தி, நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலுமாக மாற்றி மாற்றி அடுக்கினால், 9 அங்குலச் சுவரின் நடுவே காற்றறைகள் அமைகின்றன. ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். கோடையில் வெப்பமும் தணியும்.

ஆயினும், வழக்கமான கட்டில் மட்டுமே பழகிய கை இதற்குப் போதாது. சாந்து உள்ளே சிந்தினால் காற்றறை தூர்ந்துவிடும். கோணல் செங்கல் உதவாது. அடிவரிசையையும், கதவு சன்னல் ஓரங்களையும் பொள்ளலின்றிக் கட்டுதல் வேண்டும். ஆகவே, வேலை தொடங்குமுன் உள்ளூர்க் கொத்தனார் இருவரை அனுபவசாலியிடம் பழகச் செய்து, இடுப்பளவில் ஒரு மாதிரிச் சுவர் எழுப்பச் சொல்லிப் பார்த்தல் நலம். சில நாட்கூலி வீணென்று முணுமுணுப்போர் எவ்வூரிலும் உண்டு.

மின்கம்பிக் குழாய்க்குரிய இடத்தையும் முன்னரே குறித்துவிட வேண்டும். பின்னர் உளிகொண்டு கொத்தினால் நிறுத்திய செங்கல் பிளந்துபோகும். கட்டடத்தைப் பராமரிப்பவருக்கும் இதனைச் சொல்லி வைத்தல் அவசியம். ஆணி அடிப்பவர் பெரும்பாலும் அவரே.